சாமி இன்னும் வீடு வந்து சேரவில்லை

களவு போய், கடல் கடந்து, வழக்காடி மீட்டுக் கொண்டுவந்த சாமி சிலைகளைச் சொந்தக் கோயிலுக்கு அனுப்பாமல் பாதுகாப்பு மையங்களில் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்திருப்பது அநீதி. திருடியவன் செய்தது குற்றம். தெரிந்தே வாங்கியவன் செய்ததும் குற்றம். மீட்ட பிறகு ஊருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதை அந்தக் குற்றங்களோடு சமமாக வைக்க முடியாது. ஆனால் வயல்வரப்பிலும் தீப்பெட்டி ஆபீசிலும் உழைத்த காசில் சாமிக்கு எண்ணெய் வாங்கி ஊற்றிய ஒரு ஊருக்கு, எல்லாவற்றின் பலனும் ஒன்றுதான்: கருவறைக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

இதைச் சொல்லக் கோவில்பட்டிக்கு ஒரு தனி உரிமை உண்டு. கொள்ளை போன சாமியை மீட்டு எப்படிக் குடியமர்த்த வேண்டும் என்பதற்கு மிகப் பழைய முன்மாதிரி, இந்தக் கரிசல் காட்டு மக்கள் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு வருஷா வருஷம் நடந்து போகும் திருச்செந்தூரில் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைக்காக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் போர்ச்சுக்கீசியரும் மோதிக்கொண்டார்கள். மதுரை நாயக்கருக்கும் டச்சுக்காரருக்கும் பகை முற்றியது. கடற்கரையில் கோட்டைபோல் நிற்கும் செந்தூர்க் கோயிலை டச்சுப் படை பிடித்து உட்கார்ந்துகொண்டது. விட்டுப் போகும்போது சண்முகரையும் நடராஜரையும் கப்பலில் ஏற்றியது. கோயில் வரலாறு இதை 1648இல் நடந்ததாகச் சொல்கிறது. வழியில் புயல் பிடித்தது, பயந்துபோய்ச் சிலைகளைக் கடலில் இறக்கிவிட்டார்கள், 1653இல் நாயக்கரின் அதிகாரி வடமலையப்ப பிள்ளை அவற்றை மீட்டார் என்பதும் அந்த வரலாறுதான். கனவில் வந்த குறிப்பு, தண்ணீரில் மிதந்த எலுமிச்சம்பழம், மேலே வட்டமிட்ட கருடன் இவையெல்லாம் பக்தர்கள் சொல்லிச் சொல்லி மெருகேறிய பகுதி. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனம். நம் கவனம் வேறு இரண்டு செய்திகளில் நிற்கிறது.

முதலாவது, சாமி காணாமல் போனதும் வடமலையப்பர் மாற்றுச் சிலைகள் செய்யச் சொன்னார் என்பது. மூலச் சிலைகள் கிடைத்த பிறகு அந்த மாற்றுச் சிலைகளைப் பாளையங்கோட்டைப் பக்கம் வேறொரு கோயிலில் வைத்தார்கள். அசலின் இடத்தில் நகலை நிறுத்தி ஊரை ஏமாற்ற அந்தக் காலத்து அதிகாரிக்குத் தோன்றவில்லை. 300 வருஷம் கழித்துத் தஞ்சைப் பக்கம் சிவபுரத்தில் நடந்தது இதற்கு நேர் மாறு. பழுது பார்க்க ஸ்தபதியிடம் கொடுத்த நடராஜர் நகலாகத் திரும்பி வந்தார். அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகம் வரை போனது. ஊர் பல வருஷம் நகலுக்குத்தான் பூஜை செய்தது. நீண்ட இழுபறிக்குப் பிறகு 1986இல்தான் அசல் இந்தியா வந்தது.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியம். வடமலையப்பர் சிலைகளைக் கரையேற்றியதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கவில்லை. அதே கோயிலில், அதே இடத்தில் எழுந்தருளச் செய்தார். மண்டபம் கட்டினார், பூஜை நிற்காமலிருக்கக் கட்டளை ஏற்படுத்தினார். கடலிலிருந்து எடுத்த சிலையைத் திருநெல்வேலிக் கச்சேரியில் பத்திரமாக வைத்துவிட்டு, செந்தூரில் பாதுகாப்பு போதாது என்று காரணம் எழுதியிருந்தால் இன்று மாசித் திருவிழாவும் ஆவணித் திருவிழாவும் என்ன ஆகியிருக்கும்? செந்தூர்க் கடற்கரை அன்று ஒன்றும் பத்திரமான இடமில்லை. கொள்ளையடித்த அதே கம்பெனியின் கப்பல்கள் அதே கடலில்தான் ஓடின. அடுத்த ஐந்தாவது வருஷம், 1658இல், தூத்துக்குடியையே டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு ஆபத்துக்கு நடுவிலும் சாமியைச் சாமியின் இடத்தில் வைத்தார்கள். மீட்பு என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982 ஜூலையில் நடராஜரும் சிவகாமி அம்மனும் மாணிக்கவாசகரும் ஸ்ரீபலி நாயகரும் களவு போனார்கள். உள்ளூர்ப் போலீஸ் வழக்குப் பதிந்தது. இரண்டே வருஷத்தில், 1984இல், கண்டுபிடிக்க முடியவில்லை என்று கோப்பை மூடியது. அந்த நடராஜரை 2001இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் வாங்கிக் காட்சிக்கு வைத்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1958இல் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம்தான் பின்னால் சாட்சியாக நின்றது. 2019 செப்டம்பரில், 37 வருஷம் கழித்து, நடராஜர் திரும்பி வந்தார். வழியெங்கும் ஜனங்கள் நின்று தீபம் காட்டினார்கள். அன்று அவர் மட்டும்தான் வந்தார். பக்கத்தில் இருக்க வேண்டிய அம்மன் கூட வரவில்லை.

இந்தக் கதையில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இருக்கின்றன. தமிழ்நாட்டுப் போலீஸ் கைவிட்ட வழக்கைப் பிற்பாடு தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவே தூசி தட்டி எடுத்தது, அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அடிலெய்டு கலைக்கூடம் பெரிதாக வம்பு பண்ணாமல் கொடுத்தது, அதுவும் சரி. ஆனால் 1982இல் அந்தக் கோயிலில் இருந்த படிமங்களின் படமும் அளவும் அறநிலையத் துறையின் ஏட்டில் ஒழுங்காக இருந்திருந்தால், அந்த விவரத்தை அன்றே உலகத்துக்கு அனுப்பியிருந்தால், சிலை ஏலச் சந்தையில் தலைகாட்டிய அன்றே பிடித்திருக்கலாம். நம் சாமியை நமக்கு அடையாளம் காட்ட ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படப் பெட்டி வேண்டியிருந்தது. அவர்கள் படம் எடுக்காத கோயில்களின் கதி என்ன என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது.

வாங்கியவர்களைப் பற்றியும் தயங்காமல் சொல்ல வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் நடராஜரை 2008இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். அவர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 நவம்பரில் உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றத்தில் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றவர். வெண்கலச் சிலைகளை ஆராய்ந்தே சம்பளம் வாங்கும் அறிஞர்கள், சோழர் காலத்து உற்சவ மூர்த்தி ஒன்று எந்தக் கோயிலிலிருந்து புறப்பட்டது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள். பழம்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது. களவுப் பண்பாட்டுப் பொருட்களைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970ஆம் ஆண்டினது. நல்லெண்ணத்தில் வாங்கினோம் என்ற வாதம் இந்த இரண்டு தேதிகளுக்கு முன்னால் நிற்காது. 2014 செப்டம்பரில் அந்த நாட்டுப் பிரதமர் டோனி அபாட் நேரில் வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்ததைப் பாராட்டலாம், வாங்கியதை மன்னித்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை.

அந்த நடராஜர் தன் கோயிலுக்குப் போனாரா? டெல்லியிலிருந்து தமிழ்நாடு வந்து, வழக்குச் சொத்தாகக் கும்பகோணம் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டு, பாதுகாப்பு மையத்துக்குப் போனார். பத்தூர் நடராஜர் கதை இதற்கும் முந்தியது. 1976இல் திருவாரூர்ப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துக் களவாக லண்டன் போனவர் அவர். அங்கே நடந்த வழக்கில் 1988இலும் மேல்முறையீட்டில் 1991இலும் ஆங்கிலேய நீதிபதிகள் நம் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இடிந்து கிடந்தாலும் கோயிலுக்குச் சட்டத்தின் முன் ஆளுமை உண்டு, தன் சாமியைத் திருப்பிக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். லண்டன் நீதிமன்றமே ஒத்துக்கொண்ட உரிமை அது. வந்த பிறகு அவரைக் கொண்டுபோய் வைத்ததோ திருவாரூர் தியாகராஜர் கோயில் வளாகத்துச் சிலைப் பாதுகாப்பு மையத்தில். ஆயிரக்கணக்கான படிமங்கள் அங்கே நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஊரின் புறப்பாட்டுக்காக, ஏதோ ஒரு தெருவின் வாசல் கோலத்தைப் பார்ப்பதற்காக வார்க்கப்பட்டது.

அரசுத் தரப்பின் பதில் நமக்குத் தெரியும். சின்னக் கோயில், ஒரு கால பூஜை, ராத்திரிக் காவலுக்கு ஆள் இல்லை, கதவு பலமில்லை, கொடுத்தால் மறுபடியும் களவு போகும். இந்தப் பயம் பொய்யில்லை. ஸ்ரீபுரந்தான் கோயில் பூட்டிக் கிடந்ததால்தான் திருட்டு நடந்தது வெளியே தெரியவே 2008 ஆனது, அதுவும் சிலைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது. ஆனால் அதே சம்பவத்திலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் வேறு. ஜனங்கள் புழங்காத கோயிலில்தான் கள்ளன் சாவகாசமாக வேலை பார்க்கிறான். காலையும் மாலையும் விளக்கு வைக்கிற, பௌர்ணமிக்குப் பத்துப் பேர் கூடுகிற கோயிலில் படிமம் ஒரு நாள் நகர்ந்தாலும் மறுநாள் ஊருக்குத் தெரிந்துவிடும். உற்சவரை எடுத்துக்கொண்டு போனால் திருவிழா நிற்கிறது. திருவிழா நின்றால் வரி பிரிப்பது நிற்கிறது. வெளியூர் போன பிள்ளைகள் கொடைக்கு வருவதும் நிற்கிறது. பிறகு கோயில் தானாகப் பூட்டிக்கொள்கிறது. பாதுகாப்புக்காக எடுத்துப் போனதே பாழாவதற்குக் காரணமாகிவிடுகிறது.

நம் வட்டாரத்துச் சிற்றூர்களில் போய்ப் பாருங்கள். மழை பொய்த்த வருஷத்தில் ஆள் வெளியேறி, கருவேலம் ஏறி, உளுந்தும் பருத்தியும் போட்ட நிலம் தரிசாகக் கிடக்கும். ஆனாலும் கொடைக்கு ஊர் நிறைந்துவிடும். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்து இறங்குவார்கள். இந்த மண்ணில் ஒரு ஊரை ஊராக வைத்திருப்பது பல இடங்களில் அந்த மூன்று நாள்தான். அங்கே சப்பரத்தில் ஏற வேண்டிய சாமி ஏதோ ஒரு பெரிய கோயிலின் அறையில் இருக்கிறது, மனுப் போட்டு, போலீஸ் துணையோடு எடுத்து வந்து, மறுநாளே திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றால் அந்த ஊர் எத்தனை வருஷம் அலையும்? இந்த அலைச்சல் கோப்பில் ஏறுவதில்லை. அதை அனுபவிக்கிறவர்கள் எழுதிக் கொடுக்கத் தெரியாத பெரியவர்கள்.

வழக்கு முடியவில்லை, சிலை வழக்குச் சொத்து என்பது இன்னொரு பதில். இதற்குச் சட்டத்திலேயே மறுப்பு இருக்கிறது. வழக்குச் சொத்தை வருஷக்கணக்கில் தேக்கி வைக்கக் கூடாது, விவரம் எழுதி, புகைப்படம் எடுத்து, ஜாமீன் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியலும் படமும் தயாராக வேண்டும், அதற்கடுத்த 30 நாளில் ஒப்படைப்பு பற்றி உத்தரவிட வேண்டும், படமே விசாரணையில் சாட்சியமாகும். பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தும் சட்டம் பறிபோன சாமிக்கும் பொருந்தும். அரசு வழக்கறிஞர்கள் மனுப் போட்டால் போதும். போடாமலிருப்பதற்கு நியாயம் எதுவுமில்லை.

முடியும் என்பதற்கு ஆனந்தமங்கலம் சாட்சி. மயிலாடுதுறைப் பக்கத்து அந்த ஊரின் ராஜகோபால சுவாமி கோயிலிலிருந்து 1978இல் களவு போன ராமரும் லட்சுமணரும் சீதையும் 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் தமிழக அரசு அவர்களைக் கோயிலிடம் கொடுத்தது. மனம் இருந்தபோது இரண்டு மாதம் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த ஐரோப்பாவிலும் இதே கேள்வி எழுந்தது. போலந்தின் கிராக்கோ நகரத்து மரியன்னை தேவாலயத்தில் ஃபைட் ஸ்டோஸ் செதுக்கிய பெரும் பலிபீடத்தை ஜெர்மானியர்கள் கைப்பற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். போருக்குப் பிறகு நியூரம்பர்க் நகரில் கண்டெடுத்து 1946இல் போலந்துக்குத் திருப்பினார்கள். ஆனால் அது தேவாலயத்துக்குப் போய்ச் சேர 1957 ஆயிற்று. சிதைந்த மரத்தைச் சீர்செய்ய வேண்டியிருந்தது உண்மைதான். சீரமைத்த பிறகும் அரசு அதைக் கோட்டைக் காட்சிக்கூடத்தில் வைத்திருந்தது, கிராக்கோ மக்கள் தங்கள் தேவாலயத்தில்தான் இருக்க வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். கடவுள் நம்பிக்கையே இல்லாத ஆட்சியும் கடைசியில் கொடுத்தது. பக்தியைப் பேசி ஓட்டுக் கேட்கிறவர்களும், பகுத்தறிவைப் பேசி ஓட்டுக் கேட்கிறவர்களும் மாறி மாறி அறிக்கை விடும் நம் நாட்டில் கொடுப்பதற்கு இவ்வளவு தாமதம் ஏன்?

சீரமைப்பு என்ற பெயரில் நடக்கும் கேட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடமுழுக்கு வந்தால் ஆயிரம் வருஷத்துக் கல்லின் மேல் மணலை வேகமாக வீசித் தேய்த்து, சிற்பத்தின் மூக்கும் கல்வெட்டின் எழுத்தும் போன கோயில்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஓவியச் சுவரில் சுண்ணாம்பு, தூணில் எனாமல் பெயிண்ட், தரையில் வழுக்கும் டைல்ஸ். பக்தியோடுதான் செய்கிறார்கள், அதனால் சேதம் குறைந்துவிடுவதில்லை. கழுகுமலையில் வெட்டுவான் கோயிலும் சமணப் படிமங்களும் தொல்லியல் துறையின் பொறுப்பில், மலையோடு மலையாக இருப்பதால் தப்பின. அவற்றைக் கப்பலில் ஏற்றவும் முடியாது, நன்கொடையாளர் பெயர் எழுதி வண்ணம் பூசவும் முடியாது. தூக்கிப் போகக் கூடிய, பூசி மெழுகக் கூடிய எல்லாவற்றுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. ஊருக்குச் சாமியைக் கொடு என்று கேட்கும் நாம், வந்த சாமியைப் பாலிஷ் போட்டுப் பளபளக்க வைக்கக் கூடாது என்பதையும் ஏற்க வேண்டும். வெண்கலத்தின் மேல் எதைத் தேய்க்கலாம், எதைத் தேய்க்கக் கூடாது என்று குருக்களுக்கும் பூசாரிக்கும் சொல்லித்தர ஆளும் பயிற்சியும் வேண்டும். ஒரு ஸ்தபதியும் ஒரு பாதுகாப்பியல் நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஆகமத்துக்கும் அறிவியலுக்கும் சண்டை வராது.

போரில் போனவை பற்றி ஒரு வார்த்தை. 1970ஆம் ஆண்டு உடன்படிக்கை அதற்கு முந்திய கொள்ளைகளைத் தொடாது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கம்பெனிப் படை கொள்ளையைப் பதவிவாரியாகப் பங்கு பிரித்துக்கொண்டது. திப்புவின் மரப்புலி இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி நம் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியது, நல்ல காரியம். ஆனால் தென்பாண்டிச் சீமைப் போர்களில் இங்கிருந்து போன பொருட்களை லண்டன் ஏடுகளிலும் அருங்காட்சியகப் பதிவேடுகளிலும் தேடிப் பட்டியலிடும் வேலையை அரசு முறையாக எடுத்துச் செய்ய வேண்டும். சட்டம் கைகொடுக்காத இடத்தில் மனச்சாட்சி கைகொடுக்கும் என்பதற்கு அண்மை உதாரணம் உண்டு. 1765இல் கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்து டச்சுக் கம்பெனி எடுத்துப்போன பீரங்கி உட்பட ஆறு பொருட்களை நெதர்லாந்து அரசு 2023இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. செந்தூர்ச் சண்முகரைக் கப்பலில் ஏற்றிய அதே கம்பெனி. கேட்கிறவன் ஆதாரத்தோடு கேட்டால் 250 வருஷம் கழித்தும் கொடுப்பார்கள்.

ஆகவே நம் தீர்ப்பும் கோரிக்கையும் இவை. பாதுகாப்பு மையங்களில் உள்ள ஒவ்வொரு படிமமும் எந்த ஊர்க் கோயிலுக்கு உரியது, எந்த வருஷம் வந்தது, ஏன் இன்னும் போகவில்லை என்ற விவரத்தைப் படத்தோடு அறநிலையத் துறை பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். காரணம் கோயிலின் பாதுகாப்பின்மை என்றால், அதைச் சரிசெய்ய ஒதுக்கிய பணமும் முடிக்கும் தேதியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோயில்களில் பலமான காப்பறை கட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் உத்தரவிட்டது. எத்தனை கோயிலில் கட்டி முடிந்தது என்பதைத் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்தே தொடங்கிச் சொல்லட்டும். அடையாளம் தெரியாத படிமங்கள் இருந்தால், பழைய புகைப்படத்தையும் ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்தையும் வைத்துத் தேடிச் சேர்க்கத் தனிக் குழு அமைக்க வேண்டும்.

ஊர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. அரசாங்கம் வந்து படம் எடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. இந்தக் கொடைக்கு ஊர் கூடும்போது தக்காரையும் பூசாரியையும் வைத்துக்கொண்டு உற்சவர், வேல், மணி, விளக்கு, கவசம் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படமெடுங்கள். உயரம், எடை, பீடத்தின் எழுத்து, உடைந்த விரல் எதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி கோயில் ஏட்டில், ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஒன்று செயல் அலுவலரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு இருக்கட்டும். கல்லிடைக்குறிச்சி நடராஜருக்கு 1958ஆம் வருஷத்துப் படம் ஒன்று செய்ததை, உங்கள் ஊர்ச் சாமிக்கு இந்த வருஷத்துப் படம் செய்யும்.